நாற்பதுக்குள் வந்த தண்ணீர்

பிள்ளை பெற்றவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் யாருமில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டையாவது பிடித்திருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் என்மேல் அன்பாக இருந்தார்கள். அன்பாக இருக்கிறவர்களோடு எந்த வாயால் சண்டை பிடிப்பது?

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து முடித்து, மேற்படிப்பு ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்தேன். கடலும் ஆறும் கலக்கிற களப்புத் தண்ணீரில் மிதந்து திரியும், வெறுங்கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் என் பாடம். பிளாந்தன் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு வரியா அது? ஒரேயொரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்துப் பாருங்கள். தோணி போலச் சில, வளையல் துண்டு போலச் சில, கை காலை உதறிக்கொண்டு எதற்கோ அவசரமாக ஓடுகிற சில. முதல் தடவை பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காதலித்துக் கலியாணம் முடித்தவர்கள் தங்கள் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு நிபந்தனை. களப்பில் ஒரே இடத்தில், வாரம் தவறாமல், ஒரு முழு வருடம் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும். கோடையும் மாரியும் அதற்குள் வர வேண்டும். நடுவில் அறுந்தால் வருடம் முழுவதும் வீண்.

என் ஊர் கனமூலை. உம்மா மவுத்தாகிவிட்டார், அங்கே என்னை வைத்துப் பார்க்க ஆளில்லை. கணவரின் வீடு புத்தளம் களப்புக் கரையில், நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அந்த வீட்டில் போய் இருக்க நான் உடனே சம்மதித்ததற்குக் காரணம் மாப்பிள்ளை என்று எல்லோரும் நினைத்தார்கள். காரணம் களப்பு. அவருக்கும் அது தெரியும். கருவாட்டுக் கடை வைத்திருந்தார், நல்ல மனுசன், சிரித்துக்கொள்வார்.

மாமி, அவருடைய உம்மா, எங்களோடுதான் இருந்தார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டபோது சிறு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வள்ளம் ஏறி வந்தவர். யுத்தம் முடிந்த பிறகு அவருடைய தம்பிமார் திரும்பிப் போய் வீடு கட்டினார்கள். மாமி போகவில்லை. "போனா மறுபடி ஆரும் போகச் சொல்லுவாங்களோ எண்டு ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டிருக்கணும்" என்பார்.

முதல் பிள்ளை மகள். பேச்சு வந்து வாய் ஓயாத வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோளில் போத்தல் பையோடு, காலையில் இறங்குதுறைக்குப் போவேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. டெங்கு பரப்புகிற நுளம்பைத் தேட அரசாங்கம் என்னை நியமித்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். "நுளம்பு மிஸ் போறா, தண்ணி வாளிய கவுத்து வைங்கடி" என்று வேலிக்குள்ளிருந்து பெண்கள் சிரிப்பார்கள். ஒருத்தி தன் கிணற்றுத் தண்ணீரையே போத்தலில் கொண்டுவந்து தந்தாள். பார்த்துச் சொன்னேன், வேறென்ன செய்ய?

வீட்டுக்கு வந்தால் நுணுக்குக்காட்டியை அலுமாரியின் மேலிருந்து இறக்க வேண்டும். இறக்கியதும் மகளுக்குப் பசிக்கும். ஊட்டி முடித்தால் ஒன்றுக்கு வரும். கழுவிவிட்டு வந்து ஒரு கண்ணைக் குழாயில் வைத்தால், இன்னொரு கண்ணுக்கு முன்னால் ஒரு பொம்மையின் கால் வந்து ஆடும். எண்ணிக்கொண்டிருந்த எண் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். எத்தனையோ நாள் எண்ணிக்கொண்டே அழுதிருக்கிறேன். ஆனாலும் ஒரு வாரம் தவறவிடவில்லை.

கோடையை முடித்தேன். வருடத்தில் பாதிக்கு மேல் கையில் இருந்தது. அப்போதுதான் மகன் பிறந்தான், மாரி பிடித்த வாரமே.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வெளியே இறங்கக் கூடாது. தலையில் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்து, ஜன்னலைச் சாத்தி, அறைக்குள் காலையும் மாலையும் சாம்பிராணிப் புகை போடுவார்கள். வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதித்த தண்ணீரில் குளியல். சுறாப் புட்டு, உள்ளிப்பூண்டு, மிளகுச் சரக்கு. மாமி அத்தனையும் தன் கையால் செய்தார். என் உம்மா இருந்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருப்பாரா தெரியாது. நான் அந்தப் புகைக்குள் படுத்துக்கொண்டு, வெளியே கூரைத் தகரத்தில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். களப்பில் ஆற்று வெள்ளம் இறங்கும் காலம். தண்ணீரின் உப்புக் குறைந்து, உள்ளே எல்லாம் மாறுகிற காலம். என் ஆராய்ச்சிக்கே உயிர் அந்த வாரங்கள்தான். நானோ காதில் பஞ்சோடு படுத்திருந்தேன். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கணவர்தான் வழி சொன்னார்.

"போத்தலத் தாங்க புள்ள, நான் அள்ளிட்டு வாரன். தண்ணி அள்ளப் பட்டம் வேணுமா?"

"பட்டம் வேணாம். இறங்குதுறையில அந்த நாலாவது கட்டைக்குப் பக்கத்துலதான் அள்ளணும். மேலால அள்ளப்படாது, முழங்கை மட்டும் தாட்டு அள்ளணும். மூடியத் தண்ணிக்குள்ளயே பூட்டணும்."

"சரி டீச்சர்."

சொன்னபடி செய்தார். சுபஹுத் தொழுதுவிட்டு அப்படியே துறைக்குப் போய், சாறனை மடித்துக் கட்டி இறங்கி அள்ளி வருவார். குசினி வாசலில் போத்தலை மாமியிடம் கொடுத்துவிட்டுக் கடை திறக்கப் போய்விடுவார். மாமி எனக்குக் கஞ்சி தந்து, குழந்தையைக் குளிப்பாட்டி, பிறகு ஆறுதலாகப் போத்தலைக் கொண்டுவந்து தருவார். பிள்ளை பெற்றவள் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். என் முகத்தைப் பார்த்துவிட்டு மாமி அதைத் தளர்த்தினார். "ஒத்தக் கண்ணாலதானே பாக்கிறீங்க, போகட்டும். மத்தக் கண்ணாவது மிஞ்சும்."

ஜன்னல் சாத்தியிருந்ததால் வெளிச்சமில்லை. டோர்ச் லைட்டை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

இன்னொரு துளி வைத்தேன். ஒன்றுமில்லை. அங்கொன்று இங்கொன்றாக வெறும் ஓடுகள் கிடந்தன. அசைவது ஒன்றுகூட இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் வாங்கி வந்த உப்புமானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். மாரியில் உப்புக் குறைய வேண்டும். கூடியிருந்தது!

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும் அதே. களப்பு செத்துக்கொண்டிருக்கிறது, கரையில் யாருக்கும் தெரியாது, இருட்டறையில் காதில் பஞ்சோடு கிடக்கிற எனக்கு மட்டும் தெரியும். எங்கோ இறால் பண்ணைக் குளங்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், அந்த உப்பும் மருந்தும்தான் எல்லாவற்றையும் கொன்றிருக்கின்றன என்று ஒரு விளக்கத்தையும் கட்டினேன். மழைக்காலத்தில் உப்புக் கூட வேறென்ன காரணம்? இத்தனைக்கும் போத்தல் கையில் வாங்கும்போது வெதுவெதுப்பாக இருந்தது. அவருடைய மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடைமழையில் எந்த வெயில்? விஞ்ஞானி!

கணவர் ஒரு நாள் சொன்னார், "மாரி இறால் இந்த முற நல்லாப் படுதாம் புள்ள. களப்பு செத்தா இறால் எங்கால வருது?"

"அது இப்ப தெரியாது. பொறகு பாருங்க" என்றேன், பெரிய இவள் போல.

என் மேற்பார்வையாளர் கொழும்பில் இருந்தார். சிங்களப் பெண்மணி, எங்களுக்குள் சிங்களமும் ஆங்கிலமும் கலந்துதான் கதை. தொலைபேசியில் சொன்னதும் அவருக்கும் குரல் மாறிவிட்டது. ஆனாலும் நிதானமானவர். ஒரு இடத்துத் தண்ணீரை மட்டும் நம்பாதே, வேறொரு இடத்திலும் எடு என்றார். கணவரைத் தூரத்துத் துறைக்கு அனுப்பி அங்கிருந்தும் அள்ளி வரச் சொன்னேன். அதிலும் ஒன்றுமில்லை. இரண்டு இடத்திலும் ஒரே முடிவு! இதைவிட என்ன வேண்டும்? வரப்போகும் ஆய்வு மாநாட்டில் இதை நானே மேடையேறிச் சொல்ல வேண்டும் என்று அவர் சொன்னார். அந்தப் புகை அறைக்குள் கிடந்த நாட்களிலேயே நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு வாரம்தான். ஒரு களப்பு செத்ததில் எனக்குச் சந்தோஷம். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

மகள் அறைக்குள் வந்து கட்டிலில் ஏறினாள். அவளும் பார்க்க வேண்டுமாம். தூக்கிப் பிடித்துக் காட்டினேன்.

"பூச்சி இல்ல உம்மா."

"ஓம் மகள். எல்லாம் மவுத்தாப் போச்சு."

"வாப்பும்மா சுட வெச்சா மவுத்தாப் போகும்தானே" என்றாள். வாப்பும்மா என்று அவள் கூப்பிடுவது மாமியை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்னத்தச் சுட வெச்சா?"

"ஒங்கட பூச்சித் தண்ணிய. கேத்தலுக்குள்ள ஊத்தி. நான் பாத்தன்."

தலையில் இடி விழுந்தது என்பார்களே, அதெல்லாம் சும்மா. வயிற்றில்தான் விழுகிறது. மாமியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்ன, கத்தினேன். மகன் விழித்து வீரிட்டான். மாமி கையில் மாவோடு ஓடி வந்தார்.

"மாமி, என்ட தண்ணிய அடுப்புல வெச்சீங்களா?"

"ஓம் மகள்." முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. பெருமைதான் இருந்தது. "நல்லாக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, வெள்ளச் சீலையால ரெண்டு தரம் வடிச்சுத்தான் போத்தல்ல ஊத்தித் தந்தன். ஒரு நாளும் தவறல்ல."

"ஆரு ஒங்கள காய்ச்சச் சொன்ன? அதுக்குள்ள உசிரு இருந்திச்சு மாமி!"

"அதுக்காகத்தானே மகள் காய்ச்சினன்" என்றார்.

எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. காய்ச்சியதில் தண்ணீர் வற்றி உப்புக் கூடியிருக்கிறது. சீலையில் வடித்ததில் என் பிளாந்தன்கள் சீலையோடு போய்விட்டன. இரண்டு துறையின் தண்ணீரும் ஒரே கேத்தலில்தான் கொதித்திருக்கிறது. ஒரே முடிவு வராமல் என்ன செய்யும்?

"நாப்பது கழியாத வீட்டுக்குள்ள பச்சத் தண்ணி வரப்படாது" என்று மாமி மெதுவாகச் சொன்னார். "தண்ணி தண்ணிதானே, ஒங்களுக்குச் சுத்தமாத் தந்தா நல்லம் எண்டு நினச்சன். பூச்சி இருக்கிற தண்ணிய பச்சப் புள்ளட தலைமாட்டுல எப்பிடி மகள் வைக்கிறது?"

பிறகு கட்டில் காலடியில் உட்கார்ந்தார். மாவுக் கையை முந்தானையில் துடைத்தார். அதுவரை அந்த வீட்டில் யாரும் என்னிடம் சொல்லியிராத ஒன்றைச் சொன்னார். மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியபோது அவர் நிறை வயிறு. "ஓலக் கொட்டில்லதான் பெத்தன். பொட்டப் புள்ள. தண்ணி காய்ச்ச விறகில்ல. ஆரோ வாளியில கொண்டு வாறதத்தான் எல்லாத்துக்கும் எடுத்த. வயித்தால போய்ப் போய், நாப்பதுக்கு முன்னமே புள்ள போயிட்டு. அதுக்குப் பொறகு நான் பச்சப் புள்ள இருக்கிற அறைக்குள்ள பச்சத் தண்ணிய விட்டதில்ல. விடவும் மாட்டன்."

அவர் எழுந்து மகனைத் தூக்கித் தோளில் போட்டு ஆட்டினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். என் ஆத்திரம் அப்படியே என் நெஞ்சுக்குள் நின்றது. அதைக் கொண்டுபோய் யார்மேல் கொட்டுவது? எனக்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தது அந்த ஒரு போத்தல் தண்ணீர் மட்டும்தான். அதையும் கொன்றுதான் என் கையில் தந்திருக்கிறார்கள், என்மேல் வைத்த அன்பினால். இப்போது கோபப்படவும் எனக்கு வழியில்லை.

கணவர் வந்து கதையைக் கேட்டார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. பிறகு சொன்னார், "இது ஆருக்குத் தெரியப் போகுது புள்ள? தண்ணி அள்ளினது நான். நீங்க கண்டதத்தானே எழுதின. அப்பிடியே விட்டா பட்டத்த எடுத்துரலாம்தானே?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொன்னார். பொய் சொல்லமாட்டேன், நானும் அதை யோசித்தேன். ஒரு பகல் முழுக்க யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் மேடை, பட்டம், பிறகு பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை. அந்த அறையிலிருந்து வெளியே போகிற கதவு அது ஒன்றுதான் என்று பட்டது. திறந்தால் போதும். ஆனால் கண்ணை மூடினால் அந்தக் களப்பு வந்தது. உயிரோடு இருக்கிற களப்பைச் செத்துவிட்டது என்று நான் எப்படிச் சொல்வேன்? நான் இதற்குள் வந்ததே அதற்குள் இருக்கிறவற்றைப் பார்த்துப் பைத்தியம் பிடித்துத்தானே?

தொலைபேசியை எடுத்து மேற்பார்வையாளருக்குச் சொன்னேன். இரண்டு இடத்துத் தண்ணீரையுமா என்று கேட்டார். இரண்டையும்தான் என்றேன். சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணீர் காதுப் பஞ்சுக்குள் இறங்கியது. சிரித்து முடித்ததும் அவர் குரல் பழைய நிதானத்துக்கு வந்தது. கோடை கையில் இருக்கிறது, அதை இழக்க வேண்டாம். அடுத்த மாரியை மட்டும் மறுபடி முழுதாக எடுத்தால் ஏற்கலாம். அதுவரை பதிவை நீட்டித் தருவேன் என்றார். அதற்குமேல் ஒரு நாளும் தன்னால் நீட்ட முடியாது என்றும் சொன்னார். அடுத்த மாரி, நீயே உன் கையால் அள்ள வேண்டும் என்றார்.

நாற்பது முடிந்து குளித்து இறங்கிய அன்று, மகனை மாமியிடம் கொடுத்துவிட்டு நேரே துறைக்குப் போனேன். வெளிச்சத்தில் கண் கூசியது. அள்ளிக் கொண்டுவந்து பார்த்தால், எல்லாம் இருந்தன. உதறிக்கொண்டு, முட்டிக்கொண்டு, ஒன்றையொன்று தின்றுகொண்டு. எனக்கு அவற்றின்மேல் கோபம்கூட வந்தது. நான் உள்ளே கிடந்தபோது இவற்றுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

அன்றிலிருந்து எனக்கு மாரி மட்டும்தான் நினைவு. இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வாரா வாரம் போய்ப் பழக்கம் விடாமல் அள்ளினேன். ஒருத்தி முதுகில், ஒருவன் மார்பில். கோடை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கணவர் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினார். கட்டாக் கருவாட்டு மணம். தினமும் வருகிற மணம்தான். அன்றைக்கு என் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. கிணற்றடிக்கு ஓடினேன்.

பால் கொடுக்கிற காலத்தில் கரு தங்காது என்று ஊர்ப் பெண்கள் எல்லோரும் சொல்வார்கள். விலங்கியல் படித்த நானும் அதையே நம்பியிருந்தேன். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு விரல் விட்டு மாதத்தை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எப்படி எண்ணினாலும் பிள்ளை மாரிக்கு நட்டநடுவில்தான் வந்து நின்றது. யா அல்லாஹ், வருடத்தில் வேறு மாதமே இல்லையா? கிணற்றடியில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதேன்.

மாமி பின்னால் வந்து நின்றிருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். பிறகு என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். அது என்ன அழுகை என்று அவருக்கு விளங்கிவிட்டது. வாளியில் தண்ணீர் அள்ளி என் முகத்தைக் கழுவிவிட்டார்.

"அழாதீங்க மகள். எனக்கு விளங்குது. இந்த முற நான் காய்ச்ச மாட்டன். என்ட மகன் அள்ளிட்டு வாற தண்ணிய பச்சையாவே, அறைக்குள்ள கொண்டு வராம, ஜன்னலத் திறந்து ஒங்கட கையில தாரன். அல்லாவுக்காகச் சொல்றன்."

ஓலைக் கொட்டிலில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவர். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு என்ன செலவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் அவரால் தர முடியாது. ஆனால் அந்தக் கிணற்றடியிலிருந்து பார்த்தால் களப்பு தெரியும். நானே என் கையால் அள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. "இல்ல மாமி, நான் போய் அள்ளிட்டு வருவன்" என்று சொல்ல எனக்கு வாயிருந்தது. ஊரோடெல்லாம் சண்டை பிடிக்கிற வாய். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்த ஜன்னல் மாமி?" என்று கேட்டேன்.